ஏழாவது பாட்டு, இரண்டு நிமிடம் பதினான்கு நொடி

பெர்கனில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை.
நின்றால்தான் சொல்வோம்.
சொல்ல எதுவும் இல்லாத ஒரு நவம்பரில்
குறுந்தட்டுகளைக் கணினிக்கு
மறுபடியும் ஊட்டத் தொடங்கினேன்.

முதல் தடவை ஊட்டியது பதினெட்டு வருஷம் முன்னால்.
அப்போது அவசரம்.
ஃபெரியின் இயந்திர அறையில் பன்னிரண்டு மணி நேரம்,
காதுக்குள் டீசல்,
வீட்டில் கரண்டியோடு தவழும் டோர்கில்ஸ்.
படித்ததா, சேர்ந்ததா, அடுத்தது என்று
அறுநூறு தட்டையும் தள்ளிவிட்டேன்.

இப்போது எல்லாம் ஒழுங்கு.
ஒரு பிரதி சமையலறை அலமாரியில்,
உருளைக்கிழங்குக்கு மேல்தட்டில்,
பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு.
இன்னொன்று ஃபெரியில் என் பெட்டகத்தில்.
ஒரு நாளைக்குப் பதினான்கு முறை
என் இசை முழுவதும் ஃபியோர்டைக் கடக்கிறது,
டிக்கெட் இல்லாமல்.

பெயர்கள்தான் தொல்லை.
ஒரே பாடகி மூன்று பேராக நின்றாள்:
ஓவின் குறுக்கே கோடு போட்டு ஒருத்தி,
கோடு மறந்து ஒருத்தி,
ஓவும் ஈயும் ஒட்டி ஒருத்தி.
மூவரையும் ஒருத்தியாக்கவே
ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.
பெயரே தெரியாத கலைஞர் என்றொருவர்
இருநூற்றுப் பதினொரு பாட்டுப் பாடியிருக்கிறார்.
எல்லா மொழியிலும்.

படித்த பாட்டுக்கெல்லாம் நிரல் ஓர் எண் போடும்.
அதே தட்டைப் படித்த ஊர்பேர் தெரியாதவர்களின்
எண்ணோடு வைத்துப் பார்க்கும்.
அந்தப் பியானோத் தட்டில்
நூற்று நாற்பது பேர் ஒரே எண் சொன்னார்கள்.
ஏழாவது பாட்டில்
நான் மட்டும் வேறு.

துடைத்தேன். பற்பசை போட்டும் தேய்த்தேன்.
மறுபடி வேறு.
ஸ்டவாங்கரில் ஒருவர் பழைய தட்டு விற்றார்,
நாற்பது குரோனர், தபாலுக்கு எழுபது.
அதை ஊட்டினேன்.
நூற்று நாற்பத்தோராவது ஆளாக
நானும் வரிசையில் சேர்ந்தேன்.

பிறகு கேட்டேன்.
இரண்டு நிமிடம் பதினான்கு நொடி.
அங்கே ஒரு 'டிக்' வரும்.
டிரம்ஸ்காரர் குச்சியால் விளிம்பைத் தட்டுகிறார்
என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தோம்.
என்ன கைப்பக்குவம் என்று
விருந்தினரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

டிக் இல்லை.
பியானோவிலிருந்து விரல் எழுகிறது,
யாரோ மூச்சு விடுகிறார்கள்,
அவ்வளவுதான் அங்கே இருந்தது.

இழப்பில்லாத கோப்பு.
கீறலையும் இழக்காமல் வைத்திருந்தது,
காசுக்குப் பொய் சொல்லாத கணக்கப்பிள்ளை மாதிரி.
ஃபெரியில் அந்த டிக்.
உருளைக்கிழங்குக்கு மேல் அந்த டிக்.
போனுக்காகச் சுருக்கி அனுப்பியதில்,
பாதி ஓசை உதிர்ந்ததில்கூட,
அது மட்டும் உதிரவில்லை.

டோர்கில்ஸ் இப்போது டிரான்ட்ஹைமில் டிரம்ஸ் வாசிக்கிறான்.
உயர நாற்காலியில் உட்கார்ந்து
கஞ்சிக்கிண்ணத்தின் விளிம்பைக் கரண்டியால் தட்டியவன்,
சரியாக அந்த இடத்தில்.
போன வசந்தத்தில் அவன் கச்சேரிக்குப் போனேன்.
எந்தப் பாட்டானாலும்
மற்றவர்கள் அடங்கும் நேரம் பார்த்து
விளிம்பில் ஒரே ஒரு தட்டு.
பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்,
இதை எங்கே கற்றான்?

தெரியாது என்றேன்.
அன்று உண்மையிலேயே தெரியாது.

பழைய கோப்பை அழிக்கவில்லை.
தனி அடைவில் போட்டேன்,
குறிப்பு எழுதும் கட்டத்தில்
'கீறல், 2006' என்று எழுதினேன்.
அப்புறம் 'கீறல்' என்பதை அழித்தேன்.
வருஷம் மட்டும் நிற்கிறது.
புதியது அதன் இடத்தில் ஏறியது.
ராத்திரி மூன்று மணிக்கு
எல்லாக் கருவிகளும் ஒன்றோடொன்று
சரிபார்த்துக்கொள்ளும் நேரம்.
நான் தூங்கிவிட்டேன்.

மறுநாள் மதியம், படகு நடு ஃபியோர்டில்,
எண்ணெய்க் கையோடு போனை எடுத்தேன்.
டோர்கில்ஸிடமிருந்து ஒரு வரி:

அம்மா, ஏழாவது பாட்டு கெட்டுப்போச்சு.
உன்கிட்ட நல்ல பிரதி இருக்கா?